பாவு தமிழ், ஊடை மலாய்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பேரேரியின் கரையை ஒட்டி அமைந்துள்ள தாமல் என்னும் இவ்வூர், தொண்டைமண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்றுக்குத் தன் பெயரையே அளித்த பழம்பெருமை வாய்ந்ததாயினும், இன்று அதைக் கடந்து விரையும் வாகனங்களில் அமர்ந்திருப்போர் அதன் பெயர்ப்பலகையைக்கூடப் படிப்பதில்லை. அச்சாலை வழியே மேற்கே சென்றால் வேலூரில், பாலாற்றங்கரையில், ஒரு சமாதி இருக்கிறது. கண்டி இராஜ்யத்தின் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு, மறு ஆண்டில் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் காவலில் வாழ்ந்து, 1832-இல் உயிர்நீத்து, அங்கே அடக்கமானான். இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு நாடு கடத்தப்பட்ட அவனை நம்மவர் ஒருவாறு நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், அவனுடைய படையிலும் அவனை எதிர்த்து வந்த ஆங்கிலேயர் படையிலும் ஒருங்கே இடம்பெற்றிருந்த ஒரு சிறு சமூகத்தார், அவனுக்கு நெடுங்காலம் முன்னரே இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்தவர்களின் சந்ததியார் என்பதையும், அவர்கள் பேசிய பாஷை இன்று அந்திம தசையை அடைந்திருக்கிறது என்பதையும், அந்தப் பாஷையின் வாக்கிய அமைப்பு தமிழோ என்று மயங்கும்படி தமிழை ஒத்திருக்கிறது என்பதையும் அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே. இலங்கை மலாய் மொழியைப் பற்றியே சொல்கிறேன்.

கி.பி. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியார், தங்கள் கீழ்த்திசைத் தலைமையிடமாகிய பட்டாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, இரண்டு வகை மக்களை இத்தீவுக்கு அனுப்பினார்கள். தங்களுக்கு அடங்காத அரசர், இளவரசர், மதாசாரியர் ஆகியோரைத் தண்டனையாக அனுப்பியது ஒரு வகை; கூலிக்குப் போர் புரியும் சிப்பாய்களை அனுப்பியது மற்றொரு வகை. மாதரம் நாட்டு மன்னன் மூன்றாம் அமங்குராத் 1708-இல் இவ்வாறு கடத்தப்பட்டான். மக்காஸர் நாட்டுப் பெரியாராகிய ஷேக் யூசுப் 1684-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தும் அவருடைய செல்வாக்கு ஓயாதது கண்டு, பத்தாண்டுகளுக்குப் பின் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கே அகற்றப்பட்டார். ஜாவானிய மொழியில் நாடு கடத்துவதைக் குறிக்க ஒரு வினைச்சொல் உண்டு. அது சிலோன் என்ற பெயரிலிருந்து பிறந்தது. நம் நாட்டில் ஒருவன் காசிக்குப் போனான் என்றால் புண்ணியம் தேடிப் போனான் என்று பொருள்படுவதுபோல, ஜாவாவில் ஒருவன் ‘செலோங்’ ஆனான் என்றால் திரும்பி வராத இடத்துக்குப் போனான் என்று பொருளாயிற்று.

அவ்வாறு போனவர்களின் வழித்தோன்றல்கள் 2012-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நாற்பதாயிரத்தைக் கடந்த தொகையினர். கொழும்பில் கொம்பனித் தெருவிலும், கண்டி முதலிய மலைநாட்டு நகரங்களிலும், தெற்கே அம்பாந்தோட்டைக் கடற்கரையிலும் அவர்கள் வாழ்கிறார்கள். சிங்களவர் அவர்களை ஜாவா மனிதர் என்னும் பொருள்படவே அழைப்பர். ஆண்களின் பெயருக்கு முன் ‘துவான்’ என்னும் அடைமொழி நிற்கும். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தலைமையாசிரியராயிருந்து இலங்கை முஸ்லிம்களின் கல்விக்கு உழைத்தவரும், சுதந்திரப் போராட்டத் தலைவர்களுள் ஒருவருமான டி.பி. ஜாயாவின் பெயரில் முதலெழுத்து அந்தத் ‘துவானே’. நம் காயல்பட்டினத்து விருந்துகளில் இடம்பெறும் வட்டலப்பம் இவர்கள் வழியே இலங்கையில் பரவியது என்பர். இலங்கைத் தமிழர் இடுப்பில் உடுத்தும் ‘சாரம்’ மலாய் மொழியின் ‘சாருங்’. இவ்வளவு அண்மையில் இருந்தும், இவர்களுடைய பேச்சு நம் காதில் விழவேயில்லை.

மலாய் மொழி சேர்ந்திருக்கும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பம், உலகின் மிகப் பரந்த குடும்பங்களுள் ஒன்று. தைவான் தீவில் தோன்றியதாக அறிஞர் கருதும் அக்குடும்பம், மேற்கே மடகாஸ்கர் முதல் கிழக்கே ஈஸ்டர் தீவு வரையில், பூகோளத்தின் பாதிச் சுற்றளவுக்கு மேல் பரவி, சுமார் ஆயிரத்திருநூறு மொழிகளைத் தன்னுள் கொண்டது. நம் தேசத்து நிக்கோபார்த் தீவினரின் மொழிகளை, பெயர் ஒலிக்கும் விதத்தால் மயங்கி, இக்குடும்பத்தைச் சார்ந்தவை என்று சிலர் எண்ணுவதுண்டு; அவை ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தவை, முற்றிலும் வேறு. ஆகவே, தமிழ் பேசும் நிலத்துக்கு மிக அருகில் வேரூன்றி, தமிழ் வீடுகளுக்கு அடுத்த வீட்டில் பேசப்பட்டு வந்த ஆஸ்திரோனேசிய மொழி எது என்று கேட்டால், இலங்கை மலாய் என்பதே விடை.

இந்த உறவுக்கு முன்னோடியான உறவு ஒன்று காஞ்சியிலிருந்தே தொடங்குகிறது. சுமத்திராத் தீவில் பாலெம்பாங் நகருக்கு அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு, மலாய் மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆவணங்களுள் தலையாயது. ஸ்ரீவிஜய அரசுக்கு உரிய அது, ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பொறிக்கப்பட்டது. அதன் மொழி மலாய். அதன் எழுத்தோ பல்லவ எழுத்து. இங்கே காஞ்சியில் பல்லவர் செங்கோல் செலுத்திய அதே நூற்றாண்டில், அவர்களுடைய லிபியை ஏற்றுத்தான் மலாய் மொழி முதன்முதலாகக் கல்லில் ஏறியது. பின்னர் வணிகத்தின் வாயிலாகக் கப்பலும் கடையும் பெட்டியும் கட்டிலும் ‘காப்பால்’, ‘கெடாய்’, ‘பெத்தி’, ‘காத்தில்’ என்று மலாய்ச் சொற்களாயின. பட்டு நெய்யும் எங்கள் வட்டாரத்தார் வியக்கத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. பட்டுக்கு மலாய் மொழியில் ‘சுத்தெரா’ என்று பெயர். நூல் எனப் பொருள்படும் ‘சூத்திரம்’ என்ற வடசொல்லே கடல் கடந்து பட்டாக மாறிற்று.

ஆயினும் லிபியை இரவல் வாங்குவதும் சொல்லை இரவல் வாங்குவதும் எல்லா மொழிகளும் செய்பவை. அவற்றில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அண்டை வீட்டில் கரண்டி வாங்குவது போன்றதே அது. ஒரு மொழி தன் சொற்களையெல்லாம் வைத்துக்கொண்டு, அவற்றை அடுக்கும் முறையை மட்டும் வேறொரு மொழியினிடமிருந்து முழுமையாகக் கற்றுக்கொள்வது அபூர்வம். இலங்கை மலாய் செய்தது இதைத்தான்.

மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ வாழும் ஒருவர் ‘என் பெயர்’ என்று சொல்ல வேண்டின் ‘நாமா சாயா’ என்பார். பெயர் முன்னே நிற்கும், உடையவன் பின்னே வருவான். இலங்கை மலாயர் ‘செப்பெ நாமா’ என்பார். ‘செ’ என்பது நான். ‘பெ’ என்பது நம்முடைய ‘உடைய’ என்னும் ஆறாம் வேற்றுமை உருபின் தொழிலைச் செய்வது. அங்கே ‘வீட்டில்’ என்பதற்கு ‘டி ரூமா’ என்று, இடத்தைக் காட்டும் சொல் முன்னால் வரும். இங்கே ‘ரூமாக்க’ என்று உருபு பின்னால் ஒட்டும். கண்டிக்கு என்பது ‘கண்டிநங்’. கண்டியிலிருந்து என்பது ‘கண்டிதெரிங்’. மலாய் மொழிக்கு வேற்றுமை உருபு என்பதே பிறவியில் இல்லை. அங்கே எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசையில் வாக்கியம் நடக்கும். இங்கே வினை நம் வாக்கியத்தில் போலவே கடைசியில் வந்து அமர்கிறது. நான் சோறு தின்றேன் என்பதை இலங்கை மலாயர் ‘செ நாசி சுமாக்கங்’ என்று, நான், சோறு, தின்றேன் என்ற அதே அடைவில் சொல்லுகிறார்.

இன்னும் நுட்பமான இடங்களுக்குப் போவோம். ‘நான் அறிவேன்’ என்று சொல்லாமல் ‘எனக்குத் தெரியும்’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்வது தமிழுக்கும் அதன் சுற்றத்துக்கும் இயல்பான வழக்கு. அறிவும் பசியும் ஆசையும் நாம் செய்பவை அல்ல, நமக்கு வந்து சேர்பவை என்பது இந்த வழக்கின் உட்பொருள். மலாய் மொழியில் ‘சாயா தாஹு’, நான் அறிவேன், அவ்வளவே. இலங்கை மலாயரோ ‘செதங் தாவு’ என்று, எனக்குத் தெரியும் என்கிறார். வினையெச்சம் மலாய் மொழிக்குத் தெரியாத பொருள். ‘தின்றுவிட்டு’ என்பதற்கு ‘முடிந்து’ எனப் பொருள்படும் ‘ஹாபிஸ்’ என்ற மலாய்ச் சொல்லைத் தேய்த்து முன்னொட்டாக்கி, ‘அசமாக்கங்’ என்று ஒரு வினையெச்சத்தையே இவர்கள் வனைந்துகொண்டார்கள். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பது போன்ற வாக்கியங்களில் பிறர் கூற்றைக் கொண்டுவந்து நிறுத்தும் நம்முடைய ‘என்று’ இருக்கிறதே, அதன் இடத்தில் ‘காத்தா’ என்ற சொல் நிற்கிறது. அது சொல்லுதலைக் குறிக்கும் மலாய்ச் சொல்; அதற்கு மூலம் ‘கதா’ என்னும் வடசொல். வடநாட்டில் பிறந்து, ஜாவாவுக்குச் சென்று, நாடு கடத்தப்பட்டவரின் நாவில் ஏறி இலங்கைக்கு வந்து, தமிழின் ‘என்று’ செய்த வேலையை ஏற்றுக்கொண்ட அந்த ஒரு சொல்லின் யாத்திரையில் இந்து சமுத்திரத்தின் சரித்திரமே அடங்கியிருக்கிறது.

நெசவாளர் ஊரில் இருப்பவனுக்கு இதைக் கேட்டவுடன் தறிதான் நினைவுக்கு வரும். நீளவாட்டில் ஓடி, சேலை முழுவதையும் தாங்குவது பாவு. குறுக்கே நாடாவில் ஏறி ஓடி, நிறத்தையும் பூவையும் தருவது ஊடை. இலங்கை மலாய் என்னும் துணியில் ஊடை மலாய், பாவு தமிழ். ஆனால் தறியில் ஒருநாளும் நடவாத விந்தை ஒன்று இதில் நடந்திருக்கிறது. தறியில் பாவு முதலில் ஏறும், ஊடை பிறகு வரும்; இங்கே ஊடை நூல் முதலில் கப்பலேறி வந்தது, பாவோ வந்த இடத்தில் கிடைத்தது. நெய்து முடித்த துணியின் பாவை உருவிவிட்டு வேறு பாவை நுழைத்தது போன்ற அந்தக் காரியத்தை எந்தப் பண்டிதனும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்யவில்லை. அடுப்பங்கரையிலும் படைவீட்டிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் பேசியவர்கள், தாங்கள் செய்வது இன்னதென்று அறியாமலே, நான்கைந்து தலைமுறைகளில் செய்து முடித்துவிட்டார்கள்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. சிப்பாய்களாக வந்த மலாயர், தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய இலங்கைச் சோனகர் குடும்பங்களில் பெண் கொண்டனர் என்றும், அத்தாய்மாரின் தமிழே பிள்ளைகளின் மலாய்க்கு இலக்கணம் வகுத்தது என்றும் சரித்திராசிரியர் பி.ஏ. ஹுசைன்மியாவும் மொழியியலாளர் இயான் ஸ்மித்தும் கூறினர். அத்தனை கலப்பு மணம் நடந்ததற்குச் சான்று போதாது என்றும், சிங்களமும் தமிழைப் போன்றே வினையைக் கடைசியில் வைத்து, ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது போன்றவற்றை நான்காம் வேற்றுமையில் சொல்லும் மொழியாகையால், தமிழ் ஒன்றுக்கே இப்புகழைச் சூட்டுவது பொருந்தாது என்றும் மொழியியலாளர் உம்பெர்தோ அன்சால்டோ போன்றோர் மறுத்தனர். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. இலங்கைத் தீவில் இவ்விரு மொழிகளும் ஈராயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று தழுவி வளர்ந்தமையால், மூன்றாமவனுக்கு எதை யார் கொடுத்தார் என்று பிரித்தெடுப்பது எளிதன்று. எனினும், மலாயர் சார்ந்த இஸ்லாம் மதத்தின் போதனை இலங்கையில் பெரும்பாலும் தமிழிலேயே நடந்தது. பள்ளிவாசல் பிரசங்கமும் மதரஸாப் பாடமும் அண்டை வீட்டு நட்பும் தமிழிலேயே அமைந்தன. தமிழின் பங்கு எத்தனை பங்கு என்பதில்தான் வழக்கே தவிர, பங்கு உண்டா என்பதில் வழக்கு இல்லை.

பேச்சளவில் நின்ற கொச்சை மொழி, ஏடறியாத மொழி என்று இதைத் தள்ளிவிடவும் இயலாது. இலங்கை மலாயர் தம் மொழியை எழுதப் பயன்படுத்திய அரபு எழுத்துக்குக் ‘குண்டுல்’ என்று பெயர். மொட்டை என்பது அதன் பொருள். உயிர்க்குறி இடாமல் எழுதியதால் அந்தப் பெயர் வந்தது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாத மெய்யைப் பார்த்துப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. மொழியை அறிந்தவன் மட்டுமே எழுத்தைப் படிக்க முடியும் என்ற நிலை இரண்டுக்கும் பொது. 1869-இல் பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் கொழும்பிலிருந்து ‘ஆலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை இந்த எழுத்தில் வெளியிட்டார். சிங்கப்பூரின் புகழ்பெற்ற மலாய்ப் பத்திரிகையாகிய ‘ஜாவி பெரானாக்கான்’ தோன்றியது 1876-இல். அதற்கு ஏழாண்டு முன்னதாக, மலாய் உலகத்துக்கு வெளியே, ஒரு சிறு சமூகம் தனக்கென ஒரு பத்திரிகை நடத்திற்று. அவர்களுடைய வீடுகளில் கையெழுத்துப் பிரதிகளாக இருந்த ஹிகாயத் என்னும் கதைகளையும் ஷாயிர் என்னும் செய்யுள்களையும் ஆராய்ந்து, ஆய்வாளர் ரோனித் ரிச்சி 2019-இல் ஒரு நூல் எழுதினார். அவரே முன்னர் எழுதிய வேறொரு நூலில், ஆயிரம் வினாக்கள் என்னும் இஸ்லாமியக் கதை அரபியிலிருந்து ஜாவானியம், மலாய், தமிழ் ஆகிய மொழிகளுக்குச் சென்ற வரலாற்றைக் காட்டியிருக்கிறார். அதன் தமிழ் வடிவமே வண்ணப் பரிமளப் புலவர் 1572-இல் இயற்றிய ‘ஆயிர மசலா’. தமிழ், மலாய் ஆகிய இவ்விரு இலக்கியங்களும் ஒரே கடலின் இரு கரைகளில் நின்றவை.

இத்தகைய மொழி ஏன் மாய்கிறது? முதற்காரணம் ஒரு படைப்பிரிவின் கலைப்பு. ஆங்கிலேயர் அமைத்த மலாய்ப் படை, பின்னர் சிலோன் ரைபிள் ரெஜிமெண்ட் என்று பெயர் பெற்று, எழுபது ஆண்டுகளுக்கு மேல் இச்சமூகத்தின் முதுகெலும்பாய் நின்றது. ஒரே குடியிருப்பில், ஒரே தொழிலில், ஒரே பேச்சில் வாழ்ந்தவர்கள், 1873-இல் அது கலைக்கப்பட்டவுடன், போலீஸ் காவலராகவும் சிறைக் காவலராகவும் தோட்டத்து மேற்பார்வையாளராகவும் நாடெங்கும் சிதறிப்போயினர். அடுத்த காரணம் பள்ளிக்கூடம். மலாய் வாயிலாகக் கற்பிக்கும் பள்ளி ஏதும் இல்லாத நிலையில், ஆங்கில ஆட்சியில் உத்தியோகத்துக்கு ஆங்கிலமும், 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபின் சிங்களமும், பிள்ளைகளின் நாவில் இடம்பிடித்தன. வீட்டிலே தாயும் தந்தையும் தமக்குள் மலாய் பேசி, பிள்ளையோடு மட்டும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசத் தொடங்கிய நாள்தான் எந்தச் சட்டத்திலும் பதிவாகாத உண்மையான முடிவு நாள்.

இதற்கு விலக்காக நின்றது அம்பாந்தோட்டை மாவட்டத்தில், கடலோரத்தில், கிரிந்தா என்னும் சிற்றூர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற அன்சால்டோவும் அவருடன் ஆய்ந்த லிசா லிம்மும், குழந்தைகள்கூட இம்மொழியையே முதன்மையாகப் பேசியதைக் கண்டார்கள். நகரத்து மலாயர் கற்றவராகவும் வசதி படைத்தவராகவும் இருந்து மொழியை இழந்தார்கள். மீன்பிடித்தும் கூலி செய்தும் வாழ்ந்த கிரிந்தாவாசிகள் அதைக் காத்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கிய கரையும் அதுவே.

இதுவரை சொன்னவை எல்லாம் உலகின் பல சிறு மொழிகளுக்கும் பொதுவான விதி. இலங்கை மலாயின் விதி இதற்குமேல் ஒரு படி வினோதமானது. இக்கட்டுரையின் நோக்கமும் அந்த வினோதத்தைச் சுட்டுவதே. மொழி அழிகிறது என்று கண்டு கலங்கிய சமூகப் பெரியோர், அதைக் காக்க முற்பட்டபோது எதைக் காக்க முற்பட்டார்கள்? மலேசிய, இந்தோனேசியத் தூதரகங்களின் ஆதரவோடு வகுப்புகள் நடந்தன. ஆனால் அவற்றில் கற்பிக்கப்பட்டது கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் வழங்கும் செப்பமான மலாய். ‘செப்பெ நாமா’ என்று பாட்டி சொல்லிக்கொடுத்ததைத் திருத்தி, ‘நாமா சாயா’ என்று சொல்லப் பேரன் பழக்கப்பட்டான். தங்கள் மொழி உடைந்த மலாய், சிதைந்த மலாய் என்ற எண்ணம் அச்சமூகத்தாரிடையே பரவியிருந்தமையால், வேலைவாய்ப்பும் மதிப்பும் உள்ள பெரிய மொழியைக் கற்பதே சிறிய மொழியைக் காப்பது என்று பலர் மனமார நம்பினர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நோயாளியைக் குணப்படுத்துகிறோம் என்று சொல்லி, அவனுடைய கட்டிலில் ஆரோக்கியமான வேறொருவனைப் படுக்க வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சிதைவு என்று எதைச் சொல்கிறோம்? உருபே இல்லாத ஒரு மொழி, கையிலிருந்த சொற்களைக் கொண்டே ஒரு வேற்றுமை முறையை முழுமையாக அமைத்துக்கொண்டதென்றால், அது சிதைவா, சிருஷ்டியா? உடைந்த பாத்திரத்தில் தண்ணீர் நிற்காது. இந்த மொழியிலோ தாலாட்டு நின்றது, தொழுகை பற்றிய போதனை நின்றது, வீட்டுச் சண்டையும் வேடிக்கைப் பேச்சும் நின்றன. செபாஸ்டியன் நார்தோஃப் 2009-இல் மலைநாட்டு இலங்கை மலாய்க்கு எழுதிய விரிவான இலக்கணத்தைப் புரட்டினால், தனக்கென விதியும் விலக்கும் கொண்ட ஒரு முழுமொழியே அதில் காணப்படுகிறது.

இந்த இடத்தில் தமிழராகிய நாம் நம் மனத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கலப்பு என்றவுடன் களங்கம் என்று கருதும் வழக்கம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. தமிழைத் தூய்மைப்படுத்த எழுந்த இயக்கத்தின் பயனை நான் மறுக்கவில்லை. அதன் விளைவாகவே நம் மேடையும் ஏடும் நல்ல தமிழ் பெற்றன. ஆனால் ஒரு பெரிய மொழி தன்னைக் காத்துக்கொள்ளக் கைக்கொண்ட அளவுகோலை, ஒரு சிறிய மொழியின் பிறப்பையே அளக்கப் பயன்படுத்துவது அநியாயம். மலாக்கா நகரத்துக் கஜா பெராங்கில் வாழும் செட்டிகளை எண்ணிப் பாருங்கள். தமிழ் வணிகரின் சந்ததியாராகிய அவர்கள், சைவ வழிபாட்டை விடாது போற்றி, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைப் பேணி வருகிறார்கள். வீட்டில் பேசுவதோ மலாய். அங்கே தமிழர் மலாய்ப் பேச்சுக்குள் புகுந்தார்கள். இலங்கையில் மலாயர் தம் மலாய்க்குள் தமிழ் அமைப்பைப் புகுத்திக்கொண்டார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கீசும் இவ்வாறே தமிழ்ப் பாங்கில் அமைந்தது. இவர்கள் எவரும் யாருடைய மொழியையும் கெடுத்தவர் அல்லர். இவர்கள் பேசியதைக் கேட்டால்தான், தமிழ் இலக்கணம் தமிழ்ச் சொற்களின்றியும் நிற்கக்கூடியது என்ற பேருண்மை நமக்குப் புலனாகிறது. தொல்காப்பியர் காலம் முதல் நாம் உள்ளிருந்து பார்த்து வந்த ஒரு கட்டடத்தை, வெளியே நின்று பார்க்கும் வாய்ப்பு இது.

அந்த வாய்ப்பை இதுகாறும் பயன்படுத்தியவர் யார்? ஹுசைன்மியாவின் வரலாறுகள், நார்தோஃபின் இலக்கணம், அன்சால்டோவின் ஆய்வுகள், ரிச்சியின் நூல்கள், தம் தாய்மொழிக்கு நூலும் அகராதியும் தந்த பி.டி.கே. சல்தீனின் அரிய முயற்சி ஆகிய இவற்றுள் எதுவும் தமிழில் எழுதப்பட்டதன்று. இத்தாலியரும் ஜெர்மானியரும் நெடுந்தொலைவிலிருந்து வந்து, முதலில் தமிழின் வேற்றுமை இன்னதென்று கற்று, பிறகு மலாய் வேற்றுமையை அதனோடு ஒப்பிட்டார்கள். நம் மாணவன் ஒருவன் கிரிந்தாவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாரம் காது கொடுத்தால், ‘காத்தா’ என்பது ‘என்று’ என்றும், ‘நங்’ என்பது ‘கு’ என்றும், யாரும் சொல்லாமலே அவனுக்கு விளங்கிவிடும். அந்த நன்மையை நாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கே ஆயிரம் கவலை இருக்கும்போது பிறர் மொழிக்கு அழ நமக்கு நேரமேது என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். மதுரையிலும் சேலத்திலும் கும்பகோணத்திலும் சௌராஷ்டிர மொழி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகள், காஞ்சி வட்டாரத்து நெசவாளர் பலர் வீட்டில் வழங்கும் தெலுங்கும் கன்னடமும் என்று, நம் நாட்டிலேயே தமிழோடு நெருங்கிப் பழகி உருமாறிய பேச்சுகள் பல இருக்கின்றன. அவற்றைக் கேட்கப் பழகிய காதுதான் இலங்கை மலாயையும் கேட்கும். இதை இழிவென்று தள்ளும் மனமே அவற்றையும் தள்ளும். இரண்டும் வேறு வேறு கடமைகள் அல்ல.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு தறிவீட்டு வாசலில் நின்றிருந்தேன். பழைய பாவு தீர்ந்துவிட்டது. நெய்த சேலையை அறுத்து எடுத்தாயிற்று. ஆனால் விழுதிலும் அச்சிலும் கோத்திருந்த இழைகளின் கடைத்துண்டு, ஒரு முழம் அளவுக்கு, அப்படியே விடப்பட்டிருந்தது. வயது முதிர்ந்த ஓர் அம்மையார் அந்தத் துண்டின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையைச் சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூடத் தவறவில்லை. “ஏனம்மா, உதவாத துண்டுதானே, இதை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகவே பூட்டக் கூடாதா?” என்று அறியாமையால் கேட்டேன். அவர் தலை நிமிராமலே, “அறுத்துட்டா அப்புறம் ஒவ்வொரு இழையா விழுதுல கோத்து, அச்சுல கோத்து, நாளு கணக்கா உக்காரணுங்க ஐயா. இந்தத் துண்டு இருக்கறவரைக்கும்தான் பிணைக்க முடியும்” என்றார்.

இலங்கை மலாயின் கடைத்துண்டு இன்னும் அச்சில் இருக்கிறது. கண்டியில், கொம்பனித் தெருவில், கிரிந்தாவில், அதைப் பேசும் முதியோர் இன்னும் வாழ்கிறார்கள். 2022 முதல் 2032 வரை உலகப் பழங்குடி மொழிகளின் பத்தாண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. அதில் பாதிக்காலம் ஏறத்தாழக் கழிந்துவிட்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், மொழியியலில் பெயர் பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், யாழ்ப்பாணத்திலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களோடு கூடிப் பேசி, ஆளுக்கு இரண்டு மாணவரை, ஒலிப்பதிவுக் கருவியோடும் பணிவோடும், அம்முதியோரின் வீடுகளுக்கு அனுப்பட்டும். அவர்கள் சொல்லும் கதையும் பழமொழியும் வசவும் தாலாட்டும் பதிவாகட்டும். தமிழிலேயே ஒரு சிறு இலக்கணமும் அகராதியும் வெளிவந்து, முதற்பிரதி அம்மக்கள் கையில் சேரட்டும். மொழியைத் தொடர்ந்து பேசுவதா விடுவதா என்பது அவர்கள் முடிவு. அது சிதைந்த மொழியன்று, செம்மையாக நெய்யப்பட்ட மொழியே என்று அவர்களிடம் சென்று சொல்வது, அந்தத் துணிக்குப் பாவு தந்த நம் கடமை. துண்டை அறுத்த பிறகு பிணைக்க வந்து பயனில்லை.